எட்டும் எட்டும் பதினைந்து

நான் டெஸ்டர். இதை எங்கள் வீட்டில் புரியவைக்க ஐந்து வருடமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். பாலசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவைப் பொறுத்தவரை நான் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். "இந்தத் தடவையாவது பாஸ் ஆயிருவியாடி?" என்று போனில் கேட்பார். பரீட்சை எழுதுவது நான் இல்லை, மற்றவர்கள் எழுதிய புரோகிராமுக்கு நான் பரீட்சை வைக்கிறேன் என்று ஒருமுறை விளக்கினேன். "அப்ப டீச்சர்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். அக்கம்பக்கத்தில் அப்படியே சொல்லியும் விட்டார். ஊருக்குப் போனால் இப்போது நாலு பிள்ளைகள் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்கள்.

நான் பரீட்சை வைக்கும் மென்பொருள் ஒரு கல்யாணத் தரகர் மாதிரி. ஒருவரோடு ஒருவர் பேசத் தெரியாத இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே அது போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே கேட்டதை அங்கே சொல்லும், அங்கே சொன்னதை இங்கே கொண்டுவரும். அது செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் குறித்து வைத்திருப்போம். அந்த நேரம் வந்ததும் உள்ளே இருக்கும் கடிகாரம் அந்த வேலையைத் தட்டி எழுப்ப வேண்டும். சரியான நேரத்தில் எழுப்புகிறதா என்று பார்ப்பதுதான் என் சோலி. காலையில் அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிற ஒருத்திக்கு ஆண்டவன் கொடுத்த வேலை இது.

இதற்கு முன்பு நான்கு வருடம் சென்னையில், எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருந்தேன். வேர்க்குரு, ஹாஸ்டல் சாம்பார், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று வரும் கோபம். கோபம் என் கூடப் பிறந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலில் ஒரு பேக்கரி மாடியில் ஐந்தே பேர் கொண்ட சின்னக் கிளை திறந்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வட்டக்கானலில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தபோது மாலை வரைக்கும் யார்மேலும் எரிந்து விழவில்லை. அப்போதுதான் தெரிந்தது, பாதிக் கோபம் வெயிலுடையது. ஆனால் மேனேஜர் சொல்லிவிட்டார்: மூன்று மாதம் பார்ப்போம், வேலை திருப்தியாக இருந்தால் இங்கேயே நிரந்தரம், இல்லாவிட்டால் சென்னையில் உங்கள் பழைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்த மலையை விட்டு இறங்க மனசே இல்லை. அந்த மூன்று மாதமும் அந்த நாற்காலி என் கனவில் வந்தது.

எனக்கு வந்த முதல் வேலை வில்பட்டிக் காய்கறிக்காரர்களுடையது. முப்பத்தொரு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் என்னென்ன காய் வேண்டும் என்று ஒரு ஆப்பில் போடுவார்கள். எங்கள் தரகர் அதையெல்லாம் திரட்டி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொரு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போட வேண்டும். "வணக்கம். நாளை ஞாயிற்றுக்கிழமை சந்தை. உங்களிடம் கேட்டிருப்பது கேரட் இரண்டு மூட்டை. கொண்டுவர முடியும் என்றால் ஒன்றை அழுத்தவும். முடியாது என்றால் இரண்டை அழுத்தவும். நன்றி." அவ்வளவுதான். அவர்கள் மதியத்துக்கு மேல் பிடுங்கிக் கழுவி, மறுநாள் வெள்ளனே சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

குரல் என்னுடையது. அலுவலகத்தில் மற்ற நான்கு பேரும் ஆண்கள், நால்வரும் வெட்கப்பட்டார்கள். தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்காமல் இருக்க ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே மூச்சு முட்டப் பதிவு செய்தேன். அதனால் அந்தக் குரலில் ஒரு சோகம் இருக்கும்.

குழுவின் தலைவி ஒரு அக்கா. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். அக்காவின் பேச்சில் அந்த வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று அவரிடம்தான் கேட்டு எழுதினேன்.

"எட்டு நாளைக்கு ஒருக்காதானே பிள்ளை சந்தை. சனிக்கெழம பகல்ல ஒரு சத்தம் குடுத்தாப் போதும். வெளங்குதா?"

"வெளங்குதுக்கா" என்று சொல்லி, சுத்தமான தமிழில் எழுதினேன்: 'முதல் அழைப்பு சனிக்கிழமை. பிறகு எட்டு நாளைக்கு ஒரு முறை.' எங்கள் புரோகிராமர் தம்பி பழனிக்காரன். நான் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே செய்துவிட்டான்.

பரீட்சை தொடங்கியது. எட்டு நாள் யார் காத்திருப்பது? முதலில் போன் போகிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று, நிமிடத்துக்கு ஒரு முறை போகும்படி வைத்துவிட்டு, கீழே பேக்கரிக்கு பன் வாங்கப் போனேன். பேக்கரிக்காரர் மகளுக்கு வரன் பார்த்த கதையை ஆரம்பித்தார். சுவாரசியமான கதை. மூன்றாவது வரன் மட்டும் பதினைந்து நிமிடம் ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தேன். போன் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் போலி நம்பரை நான் போட்டிருப்பேன் என்று தம்பி நினைத்திருந்தான். அவன் போட்டிருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே இருந்தது அக்காவின் சொந்த நம்பர். நாற்பத்து மூன்று முறை போயிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். கூடவே அவர்கள் மாதா கோயில் உபதேசியார், கையில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி.

"நேத்து நீ நாப்பத்தி மூணு தரம் கதைச்சே பிள்ளை. நான் நாப்பத்தி மூணு தரமும் பதில் சொன்னேன். ஒனக்குக் காதுல விழவே இல்லை. திரும்பத் திரும்ப அதே பேச்சு. காதுல கோளாறா மனசுல கோளாறான்னு வெளங்கல. அதான் ஐயாவையும் கூட்டிட்டு வந்தேன்."

"அக்கா, அது நான் இல்லக்கா. மெசினு."

"மெசினுக்கு எப்படி ஒன் தொண்டை வந்துச்சு?"

உபதேசியார் என் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் மேலும் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் சொன்னார். என் நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருக்க, மேனேஜர் உள்ளே வந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"டெஸ்டிங் சார்."

அவர்கள் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பாருங்கம்மா, மூணு மாசம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது ஆச்சு, நேரா சென்னை பஸ்தான். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அதன்பின் மிகமிக ஜாக்கிரதையாக இருந்தேன். போலி நம்பர்களாகத் தேடிப் போட்டேன். எட்டு நாள் காத்திருக்க முடியாதே, அதனால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை எட்டு நாள் முன்னே தள்ளி வைத்தேன். போன் போனது. இன்னும் எட்டு நாள் தள்ளினேன். மறுபடியும் போனது. ஒரே ஒரு சின்ன அசம்பாவிதம். ஊழியர்களின் பிறந்தநாளுக்குத் தானாகக் கீழே பேக்கரிக்கு ஆர்டர் போகிற ஏற்பாடும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கடிகாரம் தள்ளியதும் அதுவும் எழுந்துகொண்டு, மேனேஜருக்குப் பதினாறு நாள் முன்னதாகவே கேக் அனுப்பிவிட்டது. அவர் நாகரிகமானவர், வெட்டினார், நாங்கள் பாட்டுப் பாடினோம். நிஜமான பிறந்தநாள் வந்தபோது, வேலை முடிந்ததாகக் கணக்கு இருந்ததால் கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. நாங்களும் மறந்துபோனோம். அன்று அவர் கொஞ்சம் வாட்டமாக இருந்தார்.

அறிக்கையில் எழுதினேன்: எதிர்பார்த்தது, எட்டு நாளில் அழைப்பு. நடந்தது, எட்டு நாளில் அழைப்பு. முடிவு, சரி. கீழே கையெழுத்தும் போட்டேன், கொஞ்சம் ஸ்டைலாக.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொரு போனும் டாண் என்று போயின. ஞாயிற்றுக்கிழமை கேட்ட காய் கேட்டபடி வந்து இறங்கியது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. டவுனில் பெரிய ஓட்டல் வைத்திருக்கும் ஒருவரை அடுத்த ஞாயிறு சந்தைக்கே அழைத்துவிட்டார். "நீங்களும் வாங்கம்மா. மனுசக் கையே படாம எப்படி நடக்குதுன்னு அவருக்குச் சொல்லணும்" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை. அலுவலகத்தில் நான் மட்டும். தக்காளி சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். மணி பன்னிரண்டு. ஒன்றும் போகவில்லை. பன்னிரண்டு ஐந்து. பத்து. பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'அடுத்த அழைப்பு: ஞாயிறு, பகல் 12 மணி.'

விரல் விட்டு எண்ணினேன். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. எட்டுதான் வந்தது! மறுபடி எண்ணினேன். மறுபடி எட்டு. மூன்றாவது தடவைதான் உறைத்தது. நாம் எண்ணும்போது தொடங்குகிற சனிக்கிழமையையும் சேர்த்து எண்ணுகிறோம். கம்ப்யூட்டர் சேர்க்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு வாரத்தை எட்டு நாள் என்றும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றும் சொல்லி வளர்ந்திருக்கிறேன். எட்டும் எட்டும் எப்படிப் பதினைந்தாகும் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அக்கா சரியாகச் சொன்னார், நான் சரியாக எழுதினேன், தம்பி சரியாகச் செய்தான், நான் சரி என்று கையெழுத்தும் போட்டேன். நான்கு சரியும் சேர்ந்து ஒரு முழுத் தப்பு.

தம்பிக்குப் போன் அடித்தேன். அவன் பழனி பஸ்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தான், சிக்னல் இல்லை. ஓட ஆரம்பித்த மென்பொருளில் கை வைக்கும் உரிமை மேனேஜருக்கு மட்டும்தான் உண்டு. அவரிடம் சொன்னால் சென்னை பஸ். சொல்லாவிட்டால் நாளைக்குச் சந்தையில் ஒரு காயும் இருக்காது, அப்போதும் சென்னை பஸ். நாமே பேசிவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

குரல் என்னுடையதுதானே. ஆனால் நான் நானாகப் பேசினால், மெசின் வரவில்லை, பிள்ளைதான் பேசியது என்று நாளைக்கு யாராவது ஒருவர் மேனேஜரிடம் சொல்லிவிடுவார். எனவே மெசினாகவே பேச வேண்டும். அதே சோகம் வரவேண்டுமே என்று கம்பளியை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டேன். அலுவலக போனில் முதல் நம்பரை அழுத்தினேன்.

"வணக்கம். நாளை ஞாயிற்றுக்கிழமை சந்தை. உங்களிடம் கேட்டிருப்பது முட்டைக்கோஸ் மூன்று மூட்டை..."

மறுமுனையில் ஒருவர் பவ்யமாகக் கேட்டு, பட்டனை அழுத்தினார். 'பீ' என்று ஒரு சத்தம். அது ஒன்றா இரண்டா? மெசினுக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்? என் காதுக்கு எல்லாம் ஒரே 'பீ'தான். நல்லவேளை, எங்கள் பக்கத்து ஜனங்கள் மௌனமாக ஒரு பட்டனை அழுத்துகிற ரகம் இல்லை. "ஒண்ணை அமுக்கியாச்சு தாயி" என்று வாயாலும் சொன்னார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்த மனைவியிடம், "ஏ புள்ள, இவகிட்ட என்னத்தச் சொல்ல? கோஸு கெடக்கா?" என்று கேட்டு, அந்தம்மா தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை என்னைக் காக்க வைத்தார். மெசின் இவ்வளவு நேரம் காத்திருக்காதே என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னொருவர் போன வாரம் பீன்ஸுக்குச் சாக்குத் திரும்பி வரவில்லை என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். நான் சுள்ளென்று பதில் சொல்லத் தெரிந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு, "நன்றி" என்று மட்டும் சொன்னேன். "என்னடி நன்றி?" என்றார்.

கம்பளித் தூசி மூக்கில் ஏறிவிட்டது. அக்காவின் முறை வந்தபோது, 'இரண்டை அழுத்தவும்' என்கிற இடத்தில் அடக்க முடியாமல் பலமாக ஒரு தும்மல்.

"நூறு வயசு" என்றார் அக்கா. "தொண்டையும் கட்டியிருக்கே பிள்ளை. சுக்குப் போட்டுக் குடி."

எவ்வளவு பிரியமாகச் சொன்னார்! ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாமல் போனை வைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கம்பளிக்குள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அடுத்த நம்பரை எடுத்தேன். முப்பத்தொரு பேரும் முடியச் சாயங்காலமாகிவிட்டது. ஆறிப்போன தக்காளி சாதத்தைச் சாப்பிட்டு, வட்டக்கானல் வரை நடந்து போய்ப் படுத்தவள்தான். முப்பத்தொரு பேரிடமும் பேசிவிட்ட நிம்மதியில் ஒன்றை மறந்தே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் குவிந்து கிடந்தது. கேட்ட மூட்டை கேட்டபடி. மேனேஜர் ஓட்டல்காரருக்கு ஒவ்வொரு குவியலாகக் காட்டிக்கொண்டு வந்தார். "மனுசக் கையே படலை சார். எல்லாம் சிஸ்டம்." எனக்குக் குரல் எழும்பவில்லை, தொண்டை நிஜமாகவே கட்டிவிட்டது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு ஆகப் போகுது, சாப்பிடப் போலாமா?"

பன்னிரண்டு! திருதிருவென்று விழித்தேன். அடுத்த அழைப்பு, ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

கேரட்டுக்குள் ஒரு போன் அடித்தது. கோஸுக்குப் பின்னால் ஒன்று, தராசுக்கு அடியில் ஒன்று, மடிகளில், சட்டைப் பைகளில், சாக்குகளில் என்று முப்பத்தொன்றும். எல்லோருக்கும் கையில் மண், அதனால் மணிக்கட்டால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்கள். சந்தை முழுக்க என் குரல், ஆளுக்குக் கொஞ்சம் முன்பின்னாக, சோகமாக எழும்பியது. "வணக்கம். நாளை ஞாயிற்றுக்கிழமை சந்தை."

காய் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழக்க தோஷத்தில் ஏழெட்டுப் பேர் ஒன்றை அழுத்தினார்கள்.

"இன்னைக்குத்தானே ஞாயித்துக்கெழம?" என்று அக்கா போனைப் பார்த்துக் கேட்டார். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "நேத்து நல்லாத்தான் சார் கதைச்சுச்சு. நடுவுல ஒரு தும்மல்கூடப் போட்டுச்சு" என்றார்.

"மெசினு தும்முச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த நேரம் பார்த்துத் தும்மினேன்.

கட்டிய தொண்டையில் மிச்சமிருந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு நாள் கதையை, கம்பளியை, முப்பத்தொரு போனை. ஓட்டல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு பீன்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டார். மேனேஜரின் முகம் சிவந்திருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா" என்று ஆரம்பித்தார். எனக்கு அந்த நாற்காலி கண்முன் தெரிந்தது. நான் போக விரும்பவில்லை சார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். சத்தம்தான் வரவில்லை.

அக்கா எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எட்டு நாளுன்னு சொன்னது நான் சார். எட்டு நாளுன்னா ஒரு வாரம்னு அந்த மெசினுக்கு வெளங்காதுன்னு எனக்கு என்ன தெரியும்? சரி, அது தப்பாப் பேசுச்சு. நாளைக்கும் எதையாச்சும் தப்பாப் பேசும். அப்ப நாங்க யாரு கிட்ட போயி சண்டை போட? மெசினு கிட்ட கோவிச்சா அது ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது. இந்தப் பிள்ளையப் பாருங்க, திட்டு வாங்க வசதியா வந்து நிக்குது. இதையும் கீழ அனுப்பிட்டா நாங்க யாரத் திட்டுறது?"

சாக்கு திரும்பி வராதவர் பின்னாலிருந்து, "அதானே" என்றார். அவருக்கு என்னிடம் இன்னும் பாக்கி இருந்தது.

மேனேஜர் ஓட்டல்காரரைத் தேடிப் பீன்ஸ் பக்கம் போனார். திங்கட்கிழமை தம்பி வந்து எட்டை ஏழாக்கினான். இந்தத் தடவை நான் எண்ணிக்கையை நம்பவில்லை. பேக்கரியில் நாள்காட்டி வாங்கி, கிழமையைப் பார்த்துப் பார்த்துப் பரீட்சை வைத்தேன். சனிக்கிழமை போன் சரியாகப் போனது. அடுத்த சனிக்கிழமையும் போனது. மூன்று மாதம் முடிந்த அன்று மேனேஜர் ஒரு உறையை என் மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

பிரித்துப் படித்தேன். கொடைக்கானல் கிளையிலேயே நிரந்தரம். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. இரண்டாவது வரியில் ஒரு வார்த்தை இரண்டு முறை வந்திருந்தது. சேர்ந்த தேதியும் தப்பு. திருத்தக் கொடுத்தால் கடிதம் சென்னைக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். நான் பத்து வரி படித்தால் பதினோரு பிழை எழுதிக் கொடுக்கிறவள். அன்று அந்தக் கடிதத்தை அப்படியே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் பார்த்தும் வெளியே சொல்லாத பிழைகள் அந்த மூன்றுதான்.